பாசிக்குள் பெட்டி

விளக்கம்சொல்லி என்றொரு இனம் உண்டு. நனைந்துகொண்டு வந்து நின்றால் குடை தர மாட்டார். மழை எப்படி உண்டாகிறது என்று சொல்வார். கடிபட்டவன் அலறிக்கொண்டு ஓடி வந்தால், கடித்தது தேளா பூரானா என்று தீர்மானித்துவிட்டுத்தான் நகர விடுவார். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

திருச்சுழி போகும் பாதையில் ஒரு கிராமத்து தனுஷ்கோடி வாத்தியார் இந்த இனத்தின் தலைமகன். அருப்புக்கோட்டைக்கு பஸ்ஸில் போய் விஞ்ஞானம் நடத்துகிறவர். எழுபத்துநாலாம் வருடக் கோடையில் மதுரையில் ஒரு கூட்டத்துக்குப் போனவர் வேறு மனிதராகத் திரும்பி வந்தார். நீலப்பச்சைப் பாசிக்குள் கண்ணுக்குத் தெரியாத பெட்டிகள் இருக்கின்றனவாம். பல முகம் கொண்ட பெட்டி, சுவரெல்லாம் புரதம், உள்ளே கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைக்கு வழி செய்யும் சரக்கு அடைந்து கிடக்கிறதாம். அத்தனையும் உண்மை. அவர் சொல்வது எப்போதும் உண்மையாகவே இருக்கும். அதுதான் அவர் மனைவி தங்கம்மாளைப் பிடித்த சனி.

அந்த ஊருக்குக் குடிக்க ஊருணித் தண்ணீர்தான். கோடையில் பாசி படர்ந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி, பழைய வேட்டியை விரித்துப் பிடித்து அரித்தெடுப்பது வழக்கம். அந்த வருடம் வேட்டியோடு வந்தவர்களை வாத்தியார் கரையிலேயே மறித்தார்.

"பொறுங்கப்பா. மதுரையில இருந்து ஒருத்தரு இதப் பாக்க வாராரு."

ஒருவரும் வரவில்லை. விருதுநகரிலிருந்து மகள் சந்தனத்தைப் பெண் பார்க்கத்தான் வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா செம்பை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"அண்ணாச்சி, தண்ணியில ஏதோ வாடை அடிக்குதே."

மோர் கொண்டுவருகிறேன் என்று தங்கம்மாள் சொல்ல வாயெடுத்தாள். யார் விட்டார்கள்?

"வாடையப் பாக்காதீக மதினி. நீங்க முழுங்கினதுல எத்தனை ஆயிரம் பெட்டி உள்ள போயிருக்கு தெரியுமா?"

அந்த அம்மாள் செம்பைக் கீழே வைத்தார். மாப்பிள்ளை, போதாத காலம், "என்ன பெட்டி?" என்று கேட்டுவிட்டார். கேசரி ஆறியது, வடை ஆறியது, உள்ளே பட்டுச்சேலையில் சந்தனம் வியர்த்து நின்றாள். பெட்டி மட்டும் மூடவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"கை நனைக்கிறது இன்னொரு நாளைக்கு ஆகட்டும்."

சம்மதம் இருந்தால்தான் பெண் வீட்டில் சாப்பிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வராது என்று தங்கம்மாளுக்குத் தெரியும். அழுதாள்.

விடிந்ததும் சந்தனம் அப்பாவின் சலவை வேட்டியை எடுத்துக்கொண்டு ஊருணியில் இறங்கினாள். மறுமுனையைத் தங்கம்மாள் பிடித்தாள். கரையில் நின்று வாத்தியார் பதறினார்.

"எத்தனை கோடிப் பெட்டி போகுதுன்னு தெரியுமா?"

"தெரியும்ப்பா. ஒரு மாப்பிள்ளையும் போயாச்சு."

சிரிக்கிறீர்கள். சரி, கடைசியாக உங்கள் வீட்டில் ஒருவர் தலைவலிக்கிறது என்றபோது தைலத்தை எடுத்துக் கொடுத்தீர்களா, தலைவலி எதனால் வருகிறது என்று ஆரம்பித்தீர்களா? பதிலை எனக்கு விளக்க வேண்டாம்.