கொக்கி அண்ணாச்சியின் எட்டடி

அருப்புக்கோட்டையில் அந்த நாளில் கொக்கி அண்ணாச்சியைப் போலப் பயந்தவரும் கிடையாது, துணிந்தவரும் கிடையாது. பாம்பை வெறுங்கையால் பிடிப்பார். பக்கத்தில் ஒருவன் தும்மிவிட்டால் மட்டும் எட்டடி தள்ளிப் போய் நிற்பார். காலடியால் அளந்து பார்த்திருக்கிறேன். சரியாக எட்டு.

இருபத்து நாலு தறி ஓடிய ஒரு விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றிய தார்களை எண்ணிக் கொடுப்பது என் வேலை. அண்ணாச்சி ஏழாம் தறி. தறியில் நூலோடு இங்குமங்கும் ஓடும் மரக்கட்டையான நாடாவுக்குள் புதுத் தார் போட்டதும், அதன் சிறு துவாரத்தில் வாயை வைத்து உறிஞ்சினால் நூல் முனை வெளியே வரும். ஒரு ஷிப்டுக்காரர் வாய் வைத்த நாடாவில்தான் அடுத்த ஷிப்டுக்காரரும் வாய் வைப்பார். அண்ணாச்சி மட்டும் மெல்லிய கம்பியை வளைத்துக் கொக்கி செய்து நூலை இழுப்பார்.

குழாயடியில் ஒரு சிவப்பு சோப்பைத் துளைத்துச் சணலில் கட்டித் தொங்கவிட்டார். முதலாளி கேட்டார்: "ஏய்யா, துணி நெய்ய வந்தியா, துணி துவைக்க வந்தியா?"

"ரெண்டுக்கும் கை சுத்தமா இருக்கணும் மொதலாளி."

அறுபதுகளின் கடைசியில் ஒரு மார்கழியில் ஃப்ளூ காய்ச்சல் வந்தது. முதல் வாரம் மூன்று தறி நின்றது, அடுத்த வாரம் ஒன்பது. வறண்ட காற்றில் நூல் அறுகிறது என்று சாத்தியிருந்த ஜன்னல்களை அண்ணாச்சி திறந்து வைத்தார். இருமியவர்களைத் துண்டால் வாயை மூடச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் ஒரு படி மேலே போனேன். கையில் கடிகாரத்தோடு, வாய்க்கும் கொக்கிக்கும் போட்டி வைத்தேன். கைக்குக் கிடைத்த நாடாவை நானே உறிஞ்சிக் காட்டினேன். வாய்க்கு இரண்டு செகண்டு, கொக்கிக்கு ஏழு.

"தோத்துட்டீக அண்ணாச்சி!"

"படிச்ச புள்ள செய்ற வேலையா இது? அது நாலாம் தறி நாடா. அவன் காலையில இருந்து இருமிக்கிட்டுக் கிடக்கான்."

மூன்றாம் நாள் எனக்குக் காய்ச்சல். பாலவனத்தத்தில் என் மனைவிக்கு எட்டாம் மாதம். முந்தைய கர்ப்பம் தங்கவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பிய என்னை அண்ணாச்சி வாசலில் மறித்தார்.

"எங்க போறீக?"

"வீட்டுக்கு. ரசம் குடிச்சாச் சரியாயிரும்."

"ரசம் உங்களுக்கு, காய்ச்சல் வயித்துப் புள்ளக்காரிக்கா? போற வழியில பஸ்ஸுக்கும் குடுத்துட்டுப் போவீக. திரும்புங்க தம்பி."

நூல் கிடங்கில் ஏழு நாள் கிடந்தேன். மூன்று வேளையும் கஞ்சியை வாசலில் வைத்துவிட்டு, எட்டடி பின்வாங்கி, "குடிங்க!" என்று கத்துவார். ஷிப்டு முடிந்ததும் பாலவனத்தத்துக்குச் சைக்கிள் மிதிப்பார். எங்கள் வீட்டுக்குள் நுழையாமல் தெருவில் நின்றே என் மனைவியை நலம் விசாரித்துவிட்டு வருவார். முதல் நாள் நாற்பத்து மூன்று முறை தும்மினேன், ஏழாம் நாள் இரண்டு. "அந்த ரெண்டும் போகட்டும்" என்று இன்னும் ஒரு நாள் கூட்டினார்.

மனைவிக்குக் காய்ச்சல் வரவில்லை. மாசியில் மகள் பிறந்தாள். தொட்டில் போட்ட அன்று அண்ணாச்சியும் வந்தார். தெருவிலேயே நின்றார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி!"

"எனக்கு மூக்கு ஒழுகுது தம்பி. புள்ள முகம் இங்கனயிருந்தே தெரியுது. உங்க மூக்குத்தான், பாவம்."

குழந்தையை உயரத் தூக்கிக் காட்டினேன். வாயை மூடியிருந்த துண்டு மெல்ல மேலேறிக் கண்களைத் துடைத்தது.

அன்று குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். எட்டடி தள்ளி நின்றவரைத்தான் முதலில் எண்ணினேன்.