இத்தாலி வண்டிக்குக் கூரை அறுத்த கதை

ஒரு மனிதனைக் கெடுக்கக் குடியோ சீட்டாட்டமோ தேவையில்லை. திருத்தணியிலிருந்து தினமும் சென்னைக்குப் போய்வரும் ரயிலில் ஜன்னலோர இருக்கையும் கையில் ஒரு செல்போனும் போதும். எனக்கு இரண்டும் கிடைத்தன. வெளிநாட்டுக்காரர்கள் பழைய கார்களைப் பிரித்து மாட்டும் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தேன். அதுவரை வீட்டில் மிக்சி நின்றுபோனால் இரண்டு தட்டு தட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிடுகிற ஆள் நான்.

அந்த நேரம் பார்த்துத்தான் திருவாலங்காட்டில் ஒரு கரும்பு விவசாயியின் கொட்டகையில் அந்தக் காரைக் கண்டேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை, தாழ்ந்த மூக்கு, அசல் இத்தாலி. கப்பலில் வேலை பார்த்த அவருடைய அண்ணன் ஒரு காலத்தில் ஆசையாகக் கொண்டுவந்ததாம். அண்ணன் காலமான பிறகு டிரைவர் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. யூரியா மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு வண்டியை எடுத்துப் போகச் சொன்னார். இடம் காலியானதில் அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

என் அக்காவின் கணவர் சாமுவேல் பாவா ஆர்.கே.பேட்டை சாலையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டு கேட், ஜன்னல் கம்பி, கரும்பு ஏற்றும் டிரெய்லர் எல்லாம் செய்வார். கார் மட்டும் செய்ததில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "இன்னா மச்சான், கேட்டுக்கு நாலு சக்கரம் வெச்சா காரு. பாத்துக்கலாம் வுடு" என்றார். அன்றைக்கே வண்டிக்குச் சனி பிடித்தது. (கிறிஸ்தவன் வண்டிக்கும் பிடிக்கும்.)

இத்தாலியிலிருந்து உதிரிபாகம் வரவழைக்க என் சம்பளம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஹெட்லைட் ஷேர் ஆட்டோவிலிருந்து வந்தது, சைலன்சர் மினி லாரியிலிருந்து வந்தது, சீட்டுக்கு ஆட்டோ ரெக்சின் போட்டோம். அந்த ரெக்சினில் பெரிய மயில் படம் இருந்ததைத் தைத்து முடித்த பிறகுதான் கவனித்தோம். அப்படியும் ஒரு நாள் என்ஜின் உறுமிவிட்டது. பாவாவும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதோம். கொஞ்சம் புகையினாலும் அழுதோம்.

இதற்கு நடுவில் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் நிச்சயம் ஆனது. அவள் அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. "பழைய இரும்புல சம்பளத்தக் கொட்றவனுக்கா பொண்ணத் தரது?" என்று பகிரங்கமாகவே கேட்டார். அவள்தான் எனக்காக நின்றாள். "எடுத்த வேலைய முடிப்பாருப்பா அவரு. கல்யாணத்தன்னிக்கு நான் அந்தக் கார்லதான் வருவேன்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை, அரக்கோணம் வரைக்கும் இருக்கிற சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தாள். என் மானம் போவது எனக்குப் பழக்கம்தான். அவள் வாக்கு போகக்கூடாதே என்றுதான் ராத்திரியெல்லாம் புரண்டேன்.

கூரை முழுக்கத் துரு. புதுத் தகடு அடிக்கலாம் என்றேன். பாவா இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுத்தார்.

"அறுத்துட்டா துருவும் பூடும், காத்தும் வரும். ஊரு ஜனம் பொண்ணு மாப்ளையப் பாக்கணுமா வேணாமா?"

நானும் வீடியோவில் பார்த்திருந்தேன், இத்தாலியில் ஒரு தாத்தா மேலே திறந்த காரில் தலைமுடி பறக்கப் போவதை. அறுத்துவிட்டோம். பார்க்க அத்தனை அழகு! ஆனால் அதற்குப் பிறகு கதவு சாத்தினால் மேல் விளிம்பு இடித்தது. பாவா அரத்தால் ராவிவிட்டார். அடுத்த வாரம் மறுபடி இடித்தது, மறுபடி ராவினார். சில கார்களுக்குக் கூரைதான் முதுகெலும்பு, அதை எடுத்தால் உடம்பு நடுவில் தொய்ய ஆரம்பிக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. அதைச் சொன்ன வீடியோவை நான் பார்க்கும்போது ரயில் திருவள்ளூர் வந்துவிட்டது, ஒரு கூட்டம் ஏறியது, போனை உள்ளே வைத்துவிட்டேன்.

கல்யாணத் தேதி வைக்கும்போது லெந்து நோன்பு நாட்கள் பார்த்தோம், சபை ஐயர், அதாவது போதகர், ஊரில் இருக்கிறாரா என்று பார்த்தோம். கிருத்திகையா என்று பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. திருத்தணியில் பிறந்து வளர்ந்தவன் செய்கிற காரியமா இது? அன்று மலைக்கு வந்த கூட்டம் ஊரெங்கும் நிரம்பி வழிந்தது. சர்ச்சில் தாலி கட்டி முடிந்து மண்டபத்துக்குக் கிளம்பும்போது, மாமனார் எதற்கும் இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்திருந்த வாடகைக் காரில் ஸ்டெல்லா தன் பெரியம்மாக்களை ஏற்றி அனுப்பிவிட்டாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மயில் மேல் உட்கார்ந்தாள். பாவா கதவை இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்தினார்.

பஸ் ஸ்டாண்டு வரை ராஜா மாதிரி போனேன். முதல் வேகத்தடையில் வண்டியின் வயிறு உரசியது. அந்தச் சத்தம் கேட்டு, பக்கத்தில் போய்க்கொண்டிருந்த காவடிக் கூட்டம் "அரோகரா!" என்றது. இரண்டாவது வேகத்தடையில் 'மடக்' என்று கேட்டது. பின்னாலிருந்த திருப்பதி பஸ் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஸ்டெல்லா பல்லைக் கடித்தபடி சிரித்த முகத்தோடு, "ஏங்க, வண்டி நடுவுல கீழ போற மாரி கீதுங்க" என்றாள். அது ஸ்போர்ட்ஸ் கார், தாழ்வாகத்தான் இருக்கும் என்று விளக்கினேன்.

மண்டப வாசலில் நாதஸ்வரம் ஒலிக்க, ஆரத்தித் தட்டோடு அத்தைகள் நிற்க, நான் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. அவள் பக்கமும் அசையவில்லை. பாவா ஓடிவந்து இழுத்தார், கைப்பிடி மட்டும் அவரோடு போனது. குனிந்து அடியில் பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், உங்க வெயிட்டுலதான் நெளிஞ்சுகினு கதவக் கவ்வுது. நீங்க எறங்குனாத்தான் கதவு தெறக்கும்."

"கதவு தெறந்தாத்தானே பாவா எறங்குவோம்?"

"ஆங், அதான் பிரச்சன" என்றார்.

ஏறிக் குதித்துவிடலாமே என்பீர்கள். பட்டுப்புடவை, தரை வரைக்கும் முக்காடு, கை நிறையப் பூச்செண்டு, சுற்றிலும் நூறு செல்போன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். என்னை நம்பி ஊரெல்லாம் சொல்லி வைத்தவள், கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அந்த நிமிடத்தில் பூமி பிளந்து என்னை மட்டும் விழுங்கினால் போதும் என்று ஜெபம் செய்தேன். வண்டி கூட இன்னும் ஒரு அங்குலம் கீழே இறங்கியது, நான் இறங்கவில்லை.

அப்போதுதான் மாமா வந்தார். திட்டப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. ரோட்டுக்குப் போய், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்கிவந்த ஆட்களைக் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்துவந்தார். ஒரு பக்கம் மொட்டைகள், மறு பக்கம் எங்கள் சபைப் பாடகர் குழு, வண்டியின் நடுவில் கை கொடுத்துத் தூக்கினார்கள். "அரோகரா!" என்று ஒரு பக்கம், "அல்லேலூயா!" என்று மறு பக்கம். நடுப்பகுதி நிமிர்ந்தது, இரண்டு கதவும் பட்டென்று திறந்தன. நாங்கள் இறங்கியதும் அவர்கள் கையை எடுத்தார்கள். என் இத்தாலி வண்டி ரோட்டிலேயே வயிற்றைப் போட்டுப் படுத்துவிட்டது. அடுத்த நாள் பாவா தன் கரும்பு டிரெய்லரில் அதை இரண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு போனார்.

மாமா விருந்தில் என் இலையில் தானே பிரியாணி வைத்தார். "சாப்டு மாப்ளே" என்றார். அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பிரியாணி இன்றுவரை எனக்குச் செரிக்கவில்லை.

இத்தனை வருடம் கழித்தும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் புதிதாக வந்த யாராவது ஒரு மருமகளை விட்டு ஸ்டெல்லாவைக் கேட்க வைப்பார்கள், "இவரப் போயி எப்படிக்கா கட்டிக்கினீங்க?" என்று. மாமா உட்பட எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே, சிரிக்காமல் பதில் சொல்வாள்.

"தாலி கட்டுன ஒடனே எறங்கி ஓடிடலாம்னுதான் பாத்தேன். கதவு தெறக்கல."