எலுமிச்சைத் தலைவரும் வெயில்காரனும்

நம்பலைன்னா போ. இதைச் சொல்றதுக்கு நான் என்ன கூலியா வாங்குறேன்? கட்டின பொண்டாட்டின்னு தெரியாமலே ஒரு மனுஷன் அவகிட்ட ரெண்டு மாசம் பேசுவானான்னு கேக்குற. பேசினாரே. போன்ல எழுதிப் பேசினா குரலா கேக்குது, மூஞ்சியா தெரியுது? முழுசா கேளு, அப்புறம் உதட்டைப் பிதுக்கு.

அந்த டிரைவரைத்தான் சொல்றேன். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவரு. பிரேக்கை மிதிச்சு மிதிச்சு வலது முட்டி போச்சு. வீட்டுல உக்காரு சாமின்னு அனுப்பிட்டாங்க. வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு பொண்டாட்டி சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு. முட்டி என்னுது, எனக்குத் தெரியாதான்னு உக்காந்துட்டாரு. அத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டின மனுஷனுக்கு டாக்டர் கையில கத்தின்னா உள்ளூர நடுக்கம்.

அவ தையக்காரி. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனியில வேலை. காலைல எட்டுக்குப் போனா சாயங்காலம் ஆறுக்குத்தான் வருவா. அவ சொல்றதை இவரு கேக்காதது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்சதில்ல. அவ பஸ்ல போற பொண்ணா இருந்த காலத்துலயே, இந்தச் சந்துல பஸ் திரும்பாது சார்னு முன் சீட்டுல இருந்து சொல்லியிருக்கா. எனக்குத் தெரியாதான்னாரு. பஸ் ஒன்றரை மணி நேரம் சந்துல சிக்கி நின்னுச்சு. அந்த ஒன்றரை மணி நேரத்துலதான் கல்யாணமே நிச்சயமாச்சு. அது கெடக்கட்டும்.

அப்போ பகல் முழுக்க வீட்டுல யாரு? இவரும், பால்கனியில பெயின்ட் வாளியில வெச்ச ஒரு எலுமிச்சைச் செடியும். நாலு வருஷமா ஒரு பூ வைக்கல அது. ஆனா அந்தச் செடியாலதான் இவருக்கு ஊரெல்லாம் சொந்தம். போன்ல தொட்டிச்செடி வளக்குறவங்க குழு ஒண்ணு, தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரு. அங்க யாருக்கும் பேரு கிடையாது, அவங்கவங்க செடிதான் பேரு. ரோஜா டீச்சர், கத்தாழைக்காரர், இப்படி. இவரு எலுமிச்சை அண்ணன். தினம் காலைல செடியைப் படம் எடுத்துப் போட்டு ரெண்டே வார்த்தை எழுதுவாரு: "இன்னும் பூக்கல." உடனே எங்கெங்கேயோ இருந்து, நாளைக்குப் பாக்கலாம் அண்ணே, நாங்க இருக்கோம் அண்ணேன்னு வந்து விழும். அதைப் படிச்சாத்தான் டீ உள்ள இறங்கும்.

ஒருநாள் அந்தக் குழுவை போன்ல நடத்துற கம்பெனிக்காரன் அறிவிப்பு விட்டான். இனிமே சும்மா பாக்கலாம், படிக்கலாம். படம் போடணும், பேசணும்னா மாசா மாசம் சந்தா. இதை ஞாபகம் வெச்சுக்கோ. பாக்குறதுக்குக் காசு இல்ல. வாயைத் திறந்தாத்தான் காசு.

குழுவுல ஒரே அமளி. ரோஜா டீச்சர் நாலு பக்கத்துக்குக் கடுதாசி எழுதுச்சு, யாருக்கு அனுப்புறதுன்னு தெரியாம குழுவுலயே போட்டுச்சு. கத்தாழைக்காரர் போய் வரேன்னு கண்ணீரோட விடைபெற்றாரு, மறுநாளும் வந்து விடைபெற்றாரு, மொத்தம் நாலு தடவை. கட்டித் தொலைப்போம்னு ஒரு கூட்டம், வேற எடத்துக்குப் போவோம்னு ஒரு கூட்டம். நடுவுல நம்மாளு எந்திரிச்சாரு. இன்னைக்குச் செடியைக் காட்டக் காசு கேக்குறவன் நாளைக்கு மூச்சு விடக் காசு கேப்பான், ஒருத்தரும் கட்டக்கூடாது, ஒரு படம் போடக்கூடாது, அவன் கதவை அவனே திறக்குற வரைக்கும் வேலைநிறுத்தம், என் எலுமிச்சை மேல ஆணைன்னு எழுதிட்டாரு. தொள்ளாயிரம் பேரும் தலைவரே தலைவரேன்னு கையெழுத்து. வீட்டுலயும் அதே முழக்கம். அவ வாயில குண்டூசியைக் கவ்விக்கிட்டு ஊக்கு தைச்சிட்டிருந்தா. ம்ம்னா. அவ்வளவுதான்.

இப்படித்தான் கம்பவுண்டர் ஒருத்தரு முடி வெட்டுறவரோட சண்டை போட்டுட்டு, செத்தாலும் உன் கடை வாசப்படி மிதிக்க மாட்டேன்னுட்டாரு. பக்கத்துல வேற கடையே இல்ல. நாலு மாசத்துல ஊசி போட வந்த குழந்தைங்க எல்லாம் ஊசியைப் பாக்கும் முன்னாடியே அழ ஆரம்பிச்சிடுச்சுங்க. வீறாப்புங்கிறது பேசும்போது நல்லாத்தான் இருக்கும், அதோட குடித்தனம் பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்.

முதல் நாள் காலைல போனை எடுத்தாரு, வெச்சாரு. ரெண்டாம் நாள் செடிக்கு மூணு தடவை தண்ணி ஊத்தினாரு. மூணாம் நாள் வேலைக்குக் கிளம்புறவளை வாசல்ல நிறுத்தி வெச்சு, மொத்தம் நூத்தி முப்பத்தெட்டு இலைன்னு ஒப்பிச்சாரு. அவ செருப்பை மாட்டிக்கிட்டே அவரு மூஞ்சியப் பாத்தா. அஞ்சு நாளைக்கு மேல தாங்காதுன்னு கணக்குப் போட்டுட்டா. நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்துல, கூட வேலை செய்யுற, பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்குற பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு அந்தக் குழுவுக்குள்ள நுழைஞ்சா, சந்தா கட்டி. பேரு என்ன வெக்கட்டும்கான்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. வெயில்காரன்னு வையின்னா.

அஞ்சாம் நாள் நம்ம தலைவரு மூணு மாடி இறங்கி, கீழ போன் கடையில ரகசியமா சந்தா கட்டி, மூணு மாடி ஏறினாரு. சொந்தப் பேருல கட்டினா மானம் போயிடுமே, அதனால 'புது ஆளு'ன்னு ஒரு பேரு. சாயங்காலம் முட்டி பூசணிக்கா மாதிரி வீங்கியிருக்கு. என்னாச்சுங்கன்னா, சும்மா நடந்துட்டு வந்தேன்னாரு.

பயங்கர உஷாரு வேற. வாளி தெரியாம, பால்கனி தெரியாம, ஒரு கிளையை மட்டும் படம் எடுத்துப் போட்டாரு. ஆனா அந்தக் கிளையைக் குச்சியோட சேத்துக் கட்டியிருந்தது நீலக் கட்டம் போட்ட யூனிஃபார்ம் துணி. அந்த முடிச்சுப் போட்டது யாரு? தான் போட்ட முடிச்சை ஒரு தையக்காரிக்கு அடையாளம் தெரியாதா?

அவ்வளவு பெரிய குழு காலியா கெடக்கு. இவரு பேச்சைக் கேட்டு எல்லாரும் வாயை மூடிட்டாங்களே. அந்த அத்துவானத்துல ஒரே ஒரு பதில் வந்துச்சு. "தண்ணி ஜாஸ்தி அண்ணே."

மனுஷனுக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. தன்னை மாதிரியே வீறாப்பை விட்ட இன்னொரு ஜீவன் இருக்கேன்னு. யாருப்பா தம்பி நீயின்னாரு. உங்களை மாதிரி ஒருத்தன்தான்னு பதில். அன்னையில இருந்து தினமும் பேச்சு. அந்தத் தம்பி காலைல பத்தரைக்கு வருவான், மத்தியானம் ஒண்ணுக்கு வருவான், சாயங்காலம் நாலுக்கு வருவான். தையல் கம்பெனியில டீ எத்தனை மணிக்குன்னு இவருக்குத் தெரியாதா? தெரியும். தோணணுமே.

ஒருநாள் தம்பி எழுதினான், செடியை சமையல்கட்டு ஜன்னலுக்கு மாத்துங்கண்ணே, காலை வெயில் படும்னு. ரெண்டு வருஷமா அவ இதைத்தான் தலைகீழா நின்னு சொல்லிட்டிருந்தா. இவரு அன்னைக்கே வாளியை இழுத்துட்டுப் போய் வெச்சுட்டாரு. அவ வந்து பாத்தா.

"என்னங்க, செடி இங்க வந்திருக்கு?"

"எனக்கே தோணுச்சு. காலை வெயில் வேணும் அதுக்கு."

"நானும் அதைத்தானே சொன்னேன்."

"நீ சும்மா சொன்ன. இது யோசிச்சு வெச்சது."

அவ திரும்பிக்கிட்டா. சிரிப்பு வந்தா காட்டக்கூடாதில்ல.

ஆனா எல்லாம் சிரிப்பில்ல. வீட்டுல சொல்லாததை எல்லாம் அந்தத் தம்பிகிட்டதான் சொன்னாரு. ஒருநாள் கேட்டான், வீட்டுல அக்கா எப்படிண்ணேன்னு. இவரு எழுதினாரு, "அவ நாள் முழுக்க மிஷின் மிதிக்கிறா. நான் வலிக்குதுன்னு சொன்னா வேலைய விட்டுட்டு என்கூட உக்காந்துடுவா. அதான் சொல்றதில்ல. ராஜா மாதிரி ஓட்டிட்டிருந்தேன் தம்பி. இப்ப மூணு மாடிக்குப் பயப்படுறேன்." அன்னைக்கு அவ கையில தையல் கோணிப்போச்சாம், ஏழு சட்டையைப் பிரிச்சுத் தைச்சாளாம். காஜா பொண்ணுதான் சொல்லுச்சு.

சாயங்காலம் நாலு மணிக்குத் தம்பி திரும்ப வந்தான். "முட்டியை டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே."

"செடி பூக்கட்டும், போறேன்."

"சத்தியமா?"

"எலுமிச்சை மேல சத்தியம்." நாலு வருஷம் பூக்காத செடி. பாதுகாப்பான சத்தியம்னு நெனச்சாரு.

மாசம் ரெண்டு ஓடுச்சு. ஒரு செவ்வாக்கிழமை காலைல தண்ணி ஊத்தப் போனவ இலைக்கு அடியில மறைஞ்சிருந்த மொட்டைப் பாத்துட்டா. பாத்தவ சொல்லல. அவரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டு வேலைக்குப் போயிட்டா. வியாழக்கிழமை அது வெள்ளையா விரிஞ்சுடுச்சு. அவ கிளம்பி அரை மணி நேரம் கழிச்சு இவரு பாத்தாரு. அப்படியே சமையல்கட்டுத் தரையில உக்காந்துட்டாரு. முட்டி இருக்கிற இருப்புல எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிக்கவே இல்ல.

பத்தரைக்குத் தம்பி கேட்டான், "பூத்துச்சாண்ணே?" இவரு விரல் போன் மேலயே நிக்குது. யாருகிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சுடும் போல இருக்கு. எழுதினாரு: "இன்னும் இல்ல." ஒண்ணுக்குக் கேட்டான். இன்னும் இல்ல. நாலுக்குக் கேட்டான். இன்னும் இல்ல தம்பி.

ஆறு மணிக்கு அவ கதவைத் திறந்ததும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஜன்னல்கிட்ட நிறுத்தினாரு. வாசனை அடுப்படி முழுக்க நெறைஞ்சிருக்கு. அவ குனிஞ்சு பாத்தா, ரொம்ப நேரம் பாத்தா.

"வேற யாருக்கும் காட்டலையா?"

"உனக்குக் காட்டாம யாருக்குக் காட்டுவேன்?"

அவ முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு நிதானமா கேட்டா. "அப்போ நான் மூணு தடவை கேட்டேனே. மூணு தடவையும் இன்னும் இல்லன்னு என்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

அவருக்குப் புரியறதுக்குள்ள அவரு ஸ்டவ்ல வெச்சிருந்த பால் பொங்கி அடுப்பே அணைஞ்சுடுச்சு.

"நீயா? நீதான் தம்பியா?"

"நாளைக்குப் பத்து மணிக்கு டாக்டர். லீவு சொல்லிட்டு வந்திருக்கேன். எலுமிச்சை மேல சத்தியம் பண்ணியிருக்கீங்க, ஞாபகம் இருக்கட்டும்."

எதை எதையெல்லாம் எழுதித் தொலைச்சோம்னு ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்திருப்பாரு. கடைசியில ஒரே ஆறுதல், இவளுக்குத்தானே தெரியும், வெளிய ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாதேன்னு.

மறுநாள் டாக்டர் வாசல்ல பெஞ்சுல உக்காந்திருக்கும்போது, போடுங்க, எல்லாரும் காத்துக்கிட்டிருப்பாங்கன்னு அவதான் சொன்னா. சொந்தப் பேருல சந்தா கட்டி, வேலைநிறுத்தத்தைத் தன் கையாலயே முறிச்சு, பூவைப் படமா போட்டாரு. கீழ, "பூத்துடுச்சு." அதுக்கப்புறம்தான் ஒண்ணைக் கவனிச்சாரு. ஒவ்வொரு படத்துக்கும் அடியில, எத்தனை பேரு பாத்தாங்கன்னு பொடி எழுத்துல ஒரு கணக்கு இருக்கு. 'புது ஆளு' போட்ட முதல் கிளைக்கு அடியிலயே தொள்ளாயிரத்துப் பன்னெண்டு. அவங்களுக்கு ஆளைத் தெரியாது, செடியைத் தெரியும். நாலு வருஷமா பாத்த கிளையாச்சே. முதல் நாளே கண்டுபிடிச்சுட்டாங்க. ரெண்டு மாசமா மூச்சு விடாம எல்லாத்தையும் படிச்சிருக்காங்க. பாக்குறதுக்குத்தான் காசு இல்லையே.

பதில் வந்துச்சு. ரோஜா டீச்சர், தலைவர் பேச்சை மீறி, ஒரே ஒரு வரி எழுதறதுக்காக ஒரு மாசச் சந்தா கட்டியிருக்கு.

"முட்டி எப்படி இருக்கு தலைவரே?"

இப்பவும் நம்பலையா நீ? சரி. அடியே சின்னவளே, மாடியில இருந்து டிரைவரு பை நெறையக் குடுத்தனுப்பினாரே, அந்த எலுமிச்சம்பழத்தை இங்க எடுத்துட்டு வா.