ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

ஒரு காட்டில் புத்தம்புது ஆஸ்பத்திரி ஒன்று பூட்டிக் கிடந்தது. உள்ளே கட்டில், ஆக்சிஜன், பளபளவென்று மெஷின்கள், எல்லாம் தயார். வாசலில் சிவப்பு ரிப்பனும் தயார். அதை வெட்டத்தான் சிங்கராஜா இன்னும் தேதி கொடுக்கவில்லை. அதனால் டாக்டர் நாரையும் நர்ஸ் வாத்தும் எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளை மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தன. வயிற்றுவலிக்கும் அதுதான், பாம்புக்கடிக்கும் அதுதான்.

ஒருநாள் காலை பேச்சித்தாய் என்ற கீரி தன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குட்டிக்கு மூச்சு இழுத்தது, உதடு நீலம் பாய்ந்திருந்தது. பேச்சி நேராக வாத்திடம் போனாள்.

"சிஸ்டர், உள்ள ஆக்சிஜன் இருக்குல்ல? கதவைத் திறங்க!"

"இருக்கும்மா. ஆனா திறப்பு விழா ஆகலையே. ரிப்பனைத் தொட்டா என் வேலை போயிரும்" என்றது வாத்து. பாவம், அதற்கும் வருத்தம்தான்.

சாவி நாரையின் கழுத்தில் தொங்கியது. "ராஜா வரட்டும். வந்த நிமிஷமே திறந்துரலாம்" என்றது அது.

பேச்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். வேலியோரம் ஒரு கழுதை பழைய சுவரொட்டியை மென்றுகொண்டு நின்றது. குட்டியை வாத்தின் கையில் திணித்தாள். ராஜாவுக்காக வாங்கிவைத்து வாடிப்போன மாலையை எடுத்துக் கழுதைக்குப் போட்டாள். வரிசையில் நின்ற ஆமையின் துண்டைப் பிடுங்கிப் பொன்னாடையாகப் போர்த்தினாள்.

"அண்ணே, வாயைத் திறக்காம என்கூட வாங்க" என்றவள், கூட்டத்தைப் பார்த்து, "ஐயா வந்துட்டாரு! கையைத் தட்டுங்க!" என்று கத்தினாள்.

வரிசையே கைதட்டியது. கைதட்டல் கேட்டால் எழுந்து பழகிய நாரை, யாரென்று நிமிர்ந்து பார்க்காமலே கும்பிட்டுக் கத்தரிக்கோலை நீட்டியது. கழுதை ரிப்பனைத் தின்றது. ருசியில் சொக்கி ஒருமுறை கத்தவும் செய்தது.

"அருமையான உரை!" என்றபடி நாரை கதவைத் திறந்தது.

ஆக்சிஜன் ஏறியது. குட்டியின் உதடு மெல்லச் சிவந்தது. கண்ணைத் திறந்து, "பசிக்குதும்மா" என்றது. பேச்சி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அடுத்த வாரம் ஓர் அணில் கிளையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டது. எக்ஸ்ரே அறை வாசலிலோ இன்னொரு ரிப்பன்.

"கவலைப்படாத தம்பி, நமக்கு ஆளிருக்கு" என்று பேச்சி வேலியோரம் ஓடினாள்.

கழுதை மாலையைக் கழற்றவே இல்லை. அதற்கு முன்னால் இரண்டு காக்கைகள் காவல் நின்றன.

"ஐயா ஓய்வுல இருக்காரு. தேதி பார்த்துச் சொல்லியனுப்புறோம்" என்றன.

நீதி: கழுதைக்கு மாலை போட்டால் உயிர் பிழைக்கலாம், ஆனால் ஒவ்வொரு வியாதிக்கும் புதுக் கழுதையாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.