காப்பி வேண்டாம் என்றால் காப்பி வேண்டாம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு, இங்கு யாவரும் நலம். நலம் என்று எழுதிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

“அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே சார், இன்னும் ஏன் விசேஷம் ஒண்ணுமில்ல?” என்று போன மாதம் போனில் கேட்டீர்கள். அன்று இருமிச் சமாளித்தேன். ஓய்வு பெற்ற வாத்தியாரானாலும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டுப் பழக்கமில்லை. கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற ஒன்று என் மகளுக்கு வெளியே வளர்ந்து, சினைப்பையையும் கருக்குழாயையும் ஒட்டவைத்திருந்தது. டாக்டரம்மா அதை எடுத்துப் பிரித்துவிட்டார். பசை கொட்டிய நோட்டில் பக்கங்களைப் பிரித்துத் தரலாம். உடனே பாடம் ஏறிவிடுமா? வாய்ப்பு கூடியிருக்கிறது, உறுதி கிடையாது, மறுபடி வளரவும் கூடும் என்றுதான் அவரும் சொன்னார். அந்தக் கடைசி வரியில்தான் என் தூக்கம் போயிற்று.

இருந்தும், கேட்பதில்லை என்ற சபதத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். கேட்கவில்லை, கவனித்தேன். அவள் காப்பியை முகர்ந்து முகம் சுளித்துத் தள்ளி வைத்தாள், எனக்குக் கால் தரையில் பாவவில்லை, பால்கனிக்கு ஓடி என் வீட்டம்மாவுக்குப் போன் போட்டேன், அவள் “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்று உங்கள் வீட்டம்மாவிடம் சொல்ல, அவர் மகனுக்கே வாழ்த்துச் சொல்ல, மாப்பிள்ளை அரை நாள் லீவு போட்டுப் பூங்கொத்தோடு வந்து நிற்கிறார். மகள் பூவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“பால் திரிஞ்சுபோச்சுப்பா. அவ்வளவுதான்.”

மாப்பிள்ளை பூங்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

“ஆபரேஷன் எதுக்குப் பண்ணிக்கிட்டேன்னு ரெண்டு வீட்லயும் யாருக்காவது ஞாபகம் இருக்காப்பா?”

மாதாமாதம் வலியில் குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தவள் கேட்கிறாள். நான் பூங்கொத்தை வைக்க இடம் தேடினேன். உங்கள் முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு, ஓட்டப்பந்தயம் எப்போது என்று நான் கேட்டேனா? வலி எப்படி என்றுதானே கேட்டேன். அவளை அப்படி ஒருவரும் கேட்கவில்லை, பெற்ற நானும்கூட. ஆகவே இனி நாம் எதையும் எதிர்பார்க்கவோ முன்கூட்டி வாங்கவோ வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, முழங்காலுக்குத் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: நீங்கள் தொட்டில் வாங்கி வைத்திருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். எங்களுடையது தேக்கு. உங்களுடையது கம்பியா? அவள் வரும்போது நான் போர்வையால் மூடிவிடுகிறேன், நீங்களும் மூடிவிடுங்கள். மூடிய கையோடு அவளுக்குப் போன் செய்து, “வலி எப்படிம்மா இருக்கு?” என்று மட்டும் கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.