சேவ் பட்டன் எங்கே?

ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவர்களுக்கு ஒரு நோய் வரும். 'தெரியாது' என்ற சொல் வாயிலிருந்து வராது. எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. அப்பா பெயின்டர், அம்மா ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங். பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் சந்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் என்றாலும் என்னிடம்தான் வரும். கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வேன். (எதிர்வீட்டு அண்ணனின் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "பயப்பட ஒண்ணுமில்ல" என்று சொன்னவள் நான். அவரும் நம்பிக்கொண்டு போனார்.)

படித்து முடித்து, தொம்மலூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். பெங்களூரு தர்ஷினிகளில், அதாவது நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல்களில், தலைக்கு மேலே ஒரு திரையில் இட்லி, வடை, காராபாத் (நம்ம ரவா உப்புமாதான்) என்று ஓடுமே, அந்தத் திரைகளை நடத்துவதுதான் எங்கள் தொழில். எங்கள் நிறுவனர் இதை 'உணவு அனுபவத்தின் எதிர்காலம்' என்பார். அந்தப் பெயர்கள் எல்லாம் ஒரு ரியல்டைம் டேட்டாபேஸில் இருந்தன. அங்கே ஓர் எழுத்து மாறினால் அந்த நொடியே ஓட்டல் திரையிலும் மாறும். இதை நேர்முகத் தேர்வில் அழகாக விளக்கித்தான் நான் வேலையே வாங்கினேன். நீங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த எழுத்தை மாற்றுவதற்கு எங்களிடம் ஒரு நல்ல வழி இல்லை. ஓட்டல்காரர் ஒரு வடையின் பெயரை மாற்ற வேண்டுமென்றால் எங்களுக்கு போன் செய்வார். நாங்கள் கூட்டம் போடுவோம். அந்தக் கூட்டத்தில் அடுத்த கூட்டத்துக்கு நாள் குறிப்போம். அதற்குள் வடை ஊசிப்போயிருக்கும்.

ஒருநாள் என் டீம் லீட் பிரசாத் சார் என் மேசைக்கு வந்தார். அவருடையது மல்லேஸ்வரத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் கிளம்பி, கன்னடத்தில் திரும்பி, ஆங்கிலத்தில் நிற்பார்.

"இங்க பாரு, நோடு கௌரி, ஒரு ஓபன் சோர்ஸ் அட்மின் லைப்ரரி கெடச்சிருக்கு. ஜாவாஸ்கிரிப்ட். அத எவாலுவேட் பண்ணி ரிப்போர்ட் கொடு. நல்லா பண்ணா உன் கன்ஃபர்மேஷன் பத்தி நானே மேல பேசறேன்."

லைப்ரரி என்றால் ரெடிமேட் ஜாக்கெட் மாதிரி. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக வைத்திருப்பார். நம் அளவுக்குக் கொஞ்சம் பிடித்துத் தைத்தால், டேட்டாபேஸில் உள்ளதைப் பார்க்கவும் திருத்தவும் ஒரு பக்கம் தயார்.

கன்ஃபர்மேஷன் என்றதும் நான் அவசரமாகத் தலையாட்டினேன். ஏனென்றால், வேலை நிரந்தரமாகிவிட்டது என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அப்பா சந்து முழுக்க மைசூர்பாகு கொடுத்து முடித்திருந்தார். ஊரிலிருந்து சித்தப்பா போனில் அழுதார். இந்த ரிப்போர்ட் சொதப்பினால் அத்தனை மைசூர்பாகையும் எப்படித் திரும்ப வாங்குவது?

"டெஸ்ட் டேட்டாபேஸ் அட்ரஸ் இருக்கில்ல?" என்றார் பிரசாத் சார்.

"இருக்கு சார்." (இல்லை.)

அவர் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். பழைய கோப்புகளைத் துழாவியதில் இரண்டு முகவரிகள் அகப்பட்டன. எது சோதனைக்கான டெஸ்ட், எது ஓட்டல்களில் நிஜமாக ஓடும் லைவ் என்று குறிப்பு இல்லை. ஒன்றில் கொஞ்சம் தகவல், இன்னொன்றில் ஏராளமான தகவல். நிறைய இருந்தால் சோதிக்க வசதி என்று பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஏன் நிறைய இருக்கிறது என்று யோசிக்கும் பகுதி என் மூளையில் அன்று விடுமுறை.

பக்கம் திறந்தது. பட்டியலில் முதலாவதாக மல்லேஸ்வரம் பட் அவர்களின் சுத்த சைவ தர்ஷினி. ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் போய் அடித்தால் எழுத்து மாறியது. சரி, சேவ் பட்டன் எங்கே? மேலே இல்லை. கீழே இல்லை. நான் சந்துக்காக நிரப்பிய எல்லா விண்ணப்பத்திலும் கடைசியில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தும்வரை நாம் என்ன கிறுக்கினாலும் அரசாங்கத்துக்குத் தெரியாது. அந்த தைரியத்தில், பட்டன் தென்படும்வரை கையில் வந்ததை அடிக்கலாம் என்று இறங்கினேன்.

தமிழ் எழுத்தை ஏற்குமா? பசி வேளை. பையில் அம்மா கட்டிக்கொடுத்த டப்பா. அதன் வாசனையை அலுவலகத்தில் திறந்துவிடும் துணிச்சல் எனக்கு அதுவரை வந்ததில்லை. காராபாத்தை அழித்துவிட்டு 'கருவாட்டுக் குழம்பு' என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. விளக்கம் எழுதும் கட்டத்தில், 'நெத்திலி. முள் உண்டு' என்று சேர்த்தேன். ஃபில்டர் காபிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விசை இருந்தது. தட்டினேன். 'தீர்ந்துவிட்டது' என்று சிவப்பாக மாறியது. பார்க்க அழகாக இருந்ததால் அப்படியே விட்டேன்.

பிறகு கம்பீரமாக ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். 'பெரும் குறை: சேவ் பட்டன் இல்லை. செய்த மாற்றங்கள் எங்கும் போய்ச் சேரவில்லை. ரியல்டைம் என்பது வெறும் விளம்பரம். பரிந்துரை: வேண்டாம்.'

கடைசிப் புள்ளி வைத்த நேரத்தில் பிரசாத் சார் கூட்டத்திலிருந்து ஓடிவந்தார். போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் பட் அவர்களின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "ஏன்ரீ இது! நம்ம ஹோட்டல்னல்லி மீனா? காஃபி இல்வா?"

"கௌரி, நீ என்ன டைப் பண்ணிட்டிருக்கே?"

"டெஸ்ட் டேட்டா சார்."

"எதுல?"

"டெஸ்ட்லதான் சார்."

"எந்த டெஸ்ட்ல? நான் அட்ரஸே குடுக்கலியேம்மா!"

சேவ் பட்டன் ஏன் இல்லை என்று அப்போது புரிந்தது. அடிப்பதே சேமிப்பதுதான். நான் அடித்த ஒவ்வோர் எழுத்தும் மல்லேஸ்வரத்தில் காபிக்கு நின்ற கூட்டத்தின் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாக முளைத்திருக்கிறது.

"அழி! சாரின்னு ஏதாவது போடு!" என்று அவர் கத்தினார். நான் கருவாட்டை அழித்துவிட்டு, அதே கட்டத்தில் 'மன்னிக்கவும்' என்று அடித்தேன். இட்லிக்கும் வடைக்கும் நடுவே அதுவும் ஒரு பண்டமாகத் திரையில் ஏறியது.

நேரில் மன்னிப்புக் கேட்க என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். தர்ஷினிக்குள் நுழைந்தேன். கல்லாவில் பட் அவர்கள் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தார்.

"நீதானா அது? மீன் போட்டது கூட நம்ம கஸ்டமருக்கு அர்த்தம் ஆகல. தமிழ் தெரிஞ்சவங்க மட்டும் சிரிச்சாங்க. ஆனா காஃபி இல்லேன்னு போட்டியே, ஜகளா, பெரிய சண்டையே ஆயிடுச்சு! ஒருத்தர் உள்ள போயி டிகாஷன் பாத்திரத்த தூக்கிப் பாக்கறாரு!"

நான் தலைகுனிந்து நின்றேன். பக்கத்தில் டம்ளருடன் நின்ற வெள்ளைச் சட்டைப் பெரியவர் என் பக்கம் சாய்ந்து, தமிழில், மிக மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, அந்த ஐட்டம் வேற பிராஞ்ச்ல உண்டா?"

"ஆயிதா, முடிஞ்சுதா உங்க ரகசியம்?" என்று அவரை அதட்டிவிட்டு, பட் அவர்கள் என் பக்கம் திரும்பினார். "இரு. பூரி பேர மாத்த உங்க ஆபீசுக்கு எத்தனை தடவ போன் பண்ணேன்? மீட்டிங், மீட்டிங்ங்கறாங்க. நீ கண்ணு முன்னாடி டக்கு டக்குன்னு மாத்தினே. அது எப்படி?"

விளக்கினேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி விளக்கிய முதல் விளக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"எனக்கு அதே பேக்கு, அதேதான் வேணும்," என்றார் அவர். "ஆனா உன் கைல இருக்கக் கூடாது. என் கைல."

'வேண்டாம்' என்று நான் எழுதிய லைப்ரரியை நிறுவனம் எடுத்துக்கொண்டது. என் ரிப்போர்ட்டில் சரியாக இருந்தது என் பெயர் மட்டும்தான் என்றார் பிரசாத் சார். வேலை போகவில்லை. ஆனால் நிரந்தரமும் ஆகவில்லை. இன்னும் மூன்று மாதம் சோதனைக் காலம் என்றார்கள்.

அன்று மாலை வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், மைசூர்பாகு விஷயம் உட்பட. அப்பா கையிலிருந்த பெயின்ட் கறையைத் துணியால் துடைத்து முடித்தார். பிறகு, "அப்ப நீ எங்களுக்குச் சொன்னது டெஸ்ட்டா?" என்றார்.

"ஆமாம்பா."

"நாங்க அத லைவ்ல ஓட்டிட்டோம்," என்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மூன்று மாதம் கழித்து நிஜமான கடிதத்தோடு வந்தபோது, அப்பா அதைக் கையில் வாங்காமலேயே, "இது டெஸ்ட்டா, லைவா?" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எது சொன்னாலும் முதல் கேள்வி அதுதான். எனக்கு ஜுரம் என்றால்கூடக் கேட்கிறார்கள்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்க, அடுப்பங்கரையில் அம்மா கேசரி கிளறிக்கொண்டே என் காதருகே குனிந்தாள்.

"ஏன்டி, இது டெஸ்ட்டா, லைவா?"

கதவிடுக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "டெஸ்ட்தாம்மா," என்றேன்.

"அப்ப இவ்ளோ நெய் எதுக்கு?" என்று அம்மா டப்பாவை மூடி மேலே வைத்தாள்.