நாலு வரிசைக்கு நாலு பெட்டி

என் அருமை மருமகளுக்கு,

பேருந்து நிலைய முன்பதிவு கவுண்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்து, உட்கார்ந்த நாற்காலியோடு ஓய்வு பெற்ற உன் தாய்மாமன் மனம் குளிர்ந்து எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் சுகம். அங்கே நீயும், மாப்பிள்ளையும், உன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன முதலாளியும் சுகமாக இருக்க வேண்டும் என்பது என் விருப்பம் மட்டுமல்ல, உத்தரவு. முதலில் நல்ல செய்தி. உன் அம்மா விமானம் ஏறிவிட்டாள். நான் ஏற்றிவிட்டேன். பிரசவத்துக்கு முன்னால் அம்மா பக்கத்தில் இருக்கணும் என்று போனில் அழுதாயே, அந்த அழுகையை நிறுத்து. ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அப்படியே வைத்திரு.

இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா? விமான நிலையத்துக்குள்ளேயே, ஏசி போட்ட தனி அறையில். வெளியே கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் கால் வைக்க இடமில்லாமல் அல்லாடுகிறது. எனக்கோ தனி மேஜை, கேட்காமலே டீ. வாசலில் காவலுக்கு ஒரு ஆள் வேறு. நான் எழுந்தால் அவரும் எழுந்து நிற்கிறார், அவ்வளவு மரியாதை. என் செல்போனைக்கூட அவர்களே வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அதனால்தான் கடிதம்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு மாதமாக மாற்றி மாற்றி என்னைப் பயமுறுத்தினீர்கள். மாமா, கிறிஸ்துமஸ் சமயம், கூட்டம் கொல்லும், மாமா, அஞ்சு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, மாமா, இந்த விமானத்தை விட்டா ஜனவரி எட்டாம் தேதிதான் அடுத்த சீட்டு, அதுக்குள்ள குழந்தையே பொறந்துடும், மாமா கவனம், மாமா கவனம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. விடுமுறைக் கூட்டத்தைப் பற்றி என்னிடமா? ஒரே நாளில், ஒரே ஜன்னல் வழியாக, ஒன்பதாயிரம் பேருக்கு டிக்கெட் கிழித்த கை இது. (தொள்ளாயிரம் என்பாள் உன் அம்மா. அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே கணக்கு வராது.) அத்தனை பேரையும் நான் அடக்கி ஆண்டது ஒரே ஒரு சட்டத்தால். பெட்டி நின்றால் ஆள் நின்ற மாதிரி. வரிசையில் பெட்டியை வைத்துவிட்டு நிழலில் போய் உட்காரலாம், எவனும் ஏன் என்று கேட்க முடியாது. நான் போட்ட சட்டம்தான் இன்றைக்கு உலகத்தில் பாதி இடத்தில் நடக்கிறது. விமான நிலையம் மீதிப் பாதியில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

பெட்டிகள் நாலு. மூன்றில் துணிமணி, மருந்து, குழந்தைக்குத் தைத்த சட்டைகள். நாலாவதில் என் பரிசு, இடித்தால் குரைக்கும் பொம்மை நாய். நாலு பேட்டரி போட்டது, அசல் நாயே தோற்றுவிடும். அந்த நாய்க்கு அடியில், பெட்டியின் அடிமட்டத்தில், விமான நிலைய வாசலில் காட்டின கையோடு உன் அம்மாவின் பாஸ்போர்ட்டை வைத்துப் பூட்டினேன். "டேய், அது என் கைப்பையில இருக்கட்டும்டா" என்று அவள் கத்தினாள். "அக்கா, திருடன் முதல்ல பார்க்கிறது கைப்பையைத்தான். நாய்க்கு அடியில எவன் கை விடுவான்?" என்று கேட்டேன். என் மூளையை மெச்சித் தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கொரு பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் நாலு கவுண்டர், நாலு வரிசை. ஒவ்வொன்றும் வாசல் வரைக்கும் வந்து வளைந்து மறுபடி உள்ளே போகிறது. குழந்தைகள் பெட்டி மேலேயே தூங்குகின்றன. நடுவில் மூணு மாடி உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம், அதில் சிவப்பு உருண்டை, தங்க உருண்டை. கூரை முழுக்கக் கறுப்பு உருண்டைகளும் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஆனால் ஒன்றுகூட எரியவில்லை. தரை துடைக்கிறவரைக் கூப்பிட்டு, "ஏம்பா, மேல அலங்கார லைட்டு பூராவும் பியூஸ் போயிருக்கு, யாரும் பார்க்கறதில்லையா?" என்று ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு பொறுப்பான ஆளை அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது.

எந்த வரிசை வேகமாக நகரும் என்று யாருக்குத் தெரியும் சொல்? ஒரே வரிசையில் நிற்கிறவன் சூதாடுகிறான். நான் வரிசைக்கு ஒரு பெட்டியாக நாலையும் வைத்து, அக்காவை மரத்தடி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எது நகர்ந்தாலும் ஓடிப்போய்க் காலால் ஒரு தள்ளு, அங்கே ஒரு தள்ளு, இங்கே ஒரு தள்ளு, "யாருதுங்க இந்தப் பெட்டி?" என்று ஒரு அம்மா கேட்டால் "வர்றாங்க வர்றாங்க" என்று போகிற போக்கில் ஒரு பதில், இப்படியே நாற்பது நிமிஷம். வயசு இருபது குறைந்துவிட்டது. மூச்சு வாங்கியதால் அல்ல, சும்மா டீ குடிக்கலாமே என்றுதான் ஓரமாகப் போனேன். ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல், ஆளில்லாத பெட்டிகள், உரிமையாளர் உடனே வரவும் என்று மூணு தடவை கெஞ்சியது. எவனோ கேனப்பயல் பெட்டியைத் தொலைச்சுட்டான் என்று நானும் உச்சுக் கொட்டினேன்.

திரும்பி வந்தால் நம் நாலு பெட்டியைச் சுற்றியும் மஞ்சள் நாடா! கதவு மாதிரி உடம்போடு ஒரு பாதுகாப்பு அதிகாரி, அவர் கையில் கயிறு, கயிற்றில் நாய். அது மோந்து மோந்து வந்து நாலாவது பெட்டியை மூக்கால் ஒரு இடி இடித்தது. உள்ளேயிருந்து நம் நாய் குரைத்தது. வெளி நாய் பதிலுக்குக் குரைத்து இன்னொரு இடி. நம் நாய் விடுமா? நாலு பேட்டரி, சொன்னேனே. கடைசியில் சர்க்கார் சம்பளம் வாங்குகிற அந்த நாய் அதிகாரியின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. "சார், உள்ள உயிரோட ஏதோ இருக்கு சார்!" என்று ஒருவர் வாக்கி டாக்கியில் அலறினார். அஞ்சே நிமிஷம். நாலாயிரம் பேரும் வெளியே. உள்ளே மரம் மட்டும் தனியாக நிற்கிறது. சமாளிக்கவே முடியாது என்றாயே கண்ணு, அந்தக் கூட்டம் எங்கே? உன் மாமன் நாலே பெட்டியில் காலி பண்ணிவிட்டான்.

வாசலில் அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "டேய், அது நம்ம பெட்டிடா. போய்ச் சொல்லுடா."

"சும்மா இரு அக்கா. நம்மளுதுன்னா இன்னிக்குப் பூரா விசாரணைதான். விமானம் போயிடும். தெரியாத மாதிரி நில்லு."

"அறிவு கெட்டவனே, அதுக்குள்ளதான்டா பாஸ்..."

அதற்குள் அதிகாரி வந்துவிட்டதால் பேச்சு அத்தோடு நின்றது. "பெரியவரே, அந்தப் பெட்டிங்க யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்று விட்டிருக்கலாம். பொறுப்புள்ள மனுஷன் அப்படி விடுவானா? வச்சவனைப் பார்த்தேன் சார் என்றேன். ஆறடி உயரம், ஒரு காது கொஞ்சம் சின்னது, பச்சைத் தொப்பி, நடையிலேயே ஒரு திருட்டுத்தனம். அவர் எழுத எழுத எனக்கு உற்சாகம் வந்து மீசையும் வைத்துவிட்டேன். "அப்படியா? இதையெல்லாம் அப்படியே எழுதிக் குடுங்க" என்று நாலாயிரம் பேரில் என்னை மட்டும் கையைப் பிடித்து இந்த அறைக்கு அழைத்து வந்தார். வாக்குமூலம் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதிப் பேப்பர் வீணாகக் கூடாதே என்று உனக்கு இது.

உன் அம்மா எப்படிப் போனாள் என்றுதானே கேட்கிறாய்? கதவைத் திறந்ததும் முதல் ஆளாக, கைப்பையை வீசிக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள். "தம்பி, நீ இல்லேன்னா நான் என்னடா பண்ணியிருப்பேன்" என்று கண் கலங்கினாள். ஜன்னல் சீட்டு. விமானம் மேலே ஏறும்போது எனக்காக இறக்கையை ஒரு தடவை ஆட்டிவிட்டுப் போனது. இந்த அறையில் ஜன்னல் கிடையாது, ஆனாலும் பார்த்தேன்.

ஆகவே தைரியமாக இரு. தாயும் சேயும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். பிறக்கப்போகும் முதலாளிக்கு உன் அம்மாவின் பொறுமையும் என் மூளையும் வாய்க்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு, எதற்கும் அசையாத
உன் தாய்மாமன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் சில திருத்தங்கள் உண்டு கண்ணு. மடிக்கும்போது பேப்பர் மாறிவிட்டது. வாக்குமூலம் என் சட்டைப்பையில், உனக்கு எழுதின கடிதம் அதிகாரி கையில். முழுக்கப் படித்தார். இரண்டு இடத்தில் சிரித்தார், எண்ணினேன். கூரையில் தொங்குவது அலங்காரம் இல்லையாம், கேமராவாம். நான் விரல் நீட்டினதும், நாற்பது நிமிஷம் பெட்டிகளைத் தள்ளினதும் பெரிய டிவியில் ஓடியது. "எவ்வளவு தூரம் போவீங்கன்னு பார்க்கத்தான் பேப்பர் குடுத்தேன்" என்றார். உன் அம்மா ஏறவில்லை. உன் மனசு கலங்கக் கூடாதே என்றுதான் அப்படி எழுதினேன். பாஸ்போர்ட் இல்லாமல் அடுத்த அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் இத்தனை பக்கத்தில் சொன்னதை அவள் ஏழே வார்த்தையில் சொல்லியிருக்கிறாள்: "சார், பெட்டி எங்களுது. இவன் என் தம்பி. மன்னிச்சிடுங்க." அதிகாரி நீ போனில் அழுத இடத்தை மறுபடி ஒரு தடவை படித்தார். "எத்தனை மணி விமானம்?" என்றார். நம் பெட்டிகளால் எல்லா விமானமும் மூணு மணி நேரம் தாமதம், ஆகவே அதுவும் போகவில்லை. (இதற்காவது எனக்கு யாராவது நன்றி சொல்லலாம்.) அவரே நாய்க்கு அடியில் கை விட்டு பாஸ்போர்ட்டை எடுத்து, பெட்டிகளோடு அவளை விமான வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். பொம்மை நாய் மட்டும் வராது. அவருடைய நாய் அதை விட்டு நகர மாட்டேன் என்கிறதாம். அம்மா ஏறிவிட்டாள் என்று நான் மறுபடி எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்பதால், கீழே அவரையே எழுதச் சொன்னேன். உனக்கு வருவது நகல்தான், அசல் அவர்கள் கோப்பில் இருக்கும்.

*இவருடைய அக்கா விமானம் ஏறினார். கண்ணால் பார்த்தேன். இந்தக் கடிதத்தில் உள்ள வேறு எதற்கும் நான் பொறுப்பல்ல.*
*பாதுகாப்பு அதிகாரி (ஒப்பம், முத்திரை)*